பிடிபி-11/34 எழுந்திருக்கவில்லை: போர்டை மாற்றுவதா, ஐசியை மாற்றுவதா, ராஸ்பெரி பை போதுமா?

போன மாதம் ஸ்கார்பரோவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். டொராண்டோ பக்கம் ஓர் ஆய்வகத்தைக் காலி செய்தபோது, குப்பைக்குப் போகவிருந்த பிடிபி-11/34 என்ற பழைய மினி கணினி ஒன்றை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாராம். கராஜில் வைத்து, போர்டுகளைக் கழற்றித் தூசி தட்டி, திரும்பச் சொருகி, சுவிட்சைப் போட்டிருக்கிறார். விசிறி சுற்றுகிறது, ரன் விளக்கு எரிந்தபடியே நிற்கிறது, டெர்மினலில் ஓர் எழுத்தும் வரவில்லை. "அண்ணை, இதைத் திருத்தலாமோ, இல்லாட்டிப் போர்டை வாங்கி மாத்துறதோ? மனிசி ராஸ்பெரி பை ஒண்டை வாங்கிப்போட்டு இதைத் தூக்கி எறியச் சொல்லுறா" என்றார். ராஸ்பெரி பை என்பது இன்றைய உள்ளங்கை அளவுக் கணினி.

இதே கேள்வி வேறு வேறு உருவத்தில் வருடத்துக்கு நாலைந்து முறை வருகிறது. கோயம்புத்தூரில் ஒரு மாணவர், ஈபேயில் பார்த்ததை வாங்கலாமா என்று கேட்டிருந்தார். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரேயடியாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். நான் இருப்பது மாசசூசெட்ஸில், இந்த இயந்திரத்தைச் செய்த நிறுவனம் இருந்த மேனார்டுக்கு முக்கால் மணி நேரத் தொலைவில். என் கராஜிலும் ஒரு 11/34 நிற்கிறது. அது எனக்குக் கற்றுக்கொடுத்ததற்கு நான் கட்டிய ஃபீஸ் கொஞ்சநஞ்சமல்ல.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. டிஜிட்டல் எக்விப்மென்ட் கார்ப்பரேஷன், சுருக்கமாக டெக், 1970-ல் பிடிபி-11 வரிசையின் முதல் இயந்திரமான 11/20-ஐக் கொண்டுவந்தது. 11/34 வந்தது 1976-ல். இதில் பிராசசர் என்பது ஒரு சிப் அல்ல. சாதாரண டிடிஎல் ஐசிகள் நெருக்கமாக உட்கார்ந்த இரண்டு பெரிய போர்டுகள். பிராசசர், நினைவகம், சீரியல் போர்டு, டிஸ்க் கன்ட்ரோலர் எல்லாமே யூனிபஸ் என்ற 56 சிக்னல் கோடுகளில் வரிசையாகத் தொங்குகின்றன. ஒரே கொடியில் எல்லார் துணியும் காய்வது போல. ஒருவர் துணி கனத்தால் கொடி மொத்தமும் தாழும். கீழே வரும் எல்லாக் கதைக்கும் இதுதான் அடிப்படை.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, கடைசியில் உங்களுக்கு என்ன வேண்டும் என்பது. 1976-ல் தொழிற்சாலையை விட்டு வந்தபடி ஒரு இயந்திரம் வேண்டுமா? விசிறிச் சத்தமும் விளக்குமாக ஏதோ ஒரு வகையில் ஓடினால் போதுமா? அல்லது ஆறாம் பதிப்பு யூனிக்ஸ், ஆர்டி-11 போன்ற அந்தக் கால இயங்குதளங்களைத் தட்டிப் பார்க்க வேண்டுமா? மூன்றும் மூன்று வேறு ஆசைகள். பலர் மூன்றாவது ஆசையை வைத்துக்கொண்டு முதலாவதற்குச் செலவு செய்கிறார்கள்.

அடுத்தது, கையில் என்ன இருக்கிறது. மல்டிமீட்டர் மட்டுமா, அலையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பும் (ஸ்கோப்) இருக்கிறதா, லாஜிக் அனலைசர் இருக்கிறதா? பக்கத்தில் அதே மாதிரி ஓடும் இயந்திரம் வைத்திருக்கும் நண்பர் இருந்தால் அது எல்லாக் கருவியையும் விடப் பெரிது.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத செலவு: தபால், சுங்கம், தப்பாக வாங்கிய போர்டு, கராஜில் போகும் இடம், போகும் சனிக்கிழமைகள். நான்காவது, செய்ததைத் திரும்ப எடுக்க முடியுமா. போர்டைப் பிடுங்கினால் திரும்பச் சொருகலாம். பிய்ந்த செம்புப் பட்டையைத் திரும்ப ஒட்டுவது வேறு கதை.

## எந்த வழியானாலும் முதல் வேலை பவர் சப்ளை

இதைத் தாண்டிப் போனவர்கள்தான் அதிகம் நஷ்டப்பட்டிருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பெரிய பெட்டியான பிஏ11-கே-யில் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும், அதன் பின்னால் செங்கல் செங்கலாக ரெகுலேட்டர்களும் இருக்கும். 5 வோல்ட் தரும் செங்கலின் பெயர் எச்744. 25 ஆம்பியர் வரை கொடுக்கும். அதற்குள் நுழைவது 20 முதல் 30 வோல்ட் ஏசி. உள்ளே பாஸ் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் அந்த மொத்த அழுத்தமும் நேராக ஐசிகள் மேல் பாயும். அதைத் தடுக்கத்தான் குரோபார் என்ற காவலாளி: வோல்ட் எகிறினால் தானே வெளியீட்டை ஷார்ட் செய்து ஃபியூஸைப் போக்கும். ஐம்பது வருடம் சும்மா நின்ற காவலாளி இன்றும் விழித்திருக்கிறானா என்று யாருக்குத் தெரியும்? அந்த நிலையில் காசு கொடுத்து வாங்கிய நல்ல போர்டைச் சொருகுவது நெருப்புக்குள் கை விடுவது.

ஆகவே, ஒவ்வொரு ஸ்லாட்டையும் படம் எடுத்துக்கொண்டு போர்டுகளை எல்லாம் கழற்றுங்கள். சின்னச் சின்ன காலி ஸ்லாட் அட்டைகளையும் சேர்த்துப் படம் எடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன். ரெகுலேட்டர்களில் உள்ள சிறிய எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் பெரும்பாலும் காய்ந்திருக்கும். அவற்றின் உள்தடையை அளக்கும் ஈஎஸ்ஆர் மீட்டர் வைத்தால் தெரியும். திருகு முனை உள்ள பெரிய டப்பாக்கள் ஆச்சரியமாக நன்றாகவே இருக்கும், ஆனால் அவற்றுக்கு அழுத்தத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். அப்புறம் 0.5 ஓம், 100 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சுமையாக வைத்தால் 10 ஆம்பியர் இழுக்கும். மீட்டரில் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவே நிற்க வேண்டும். ஸ்கோப் இருந்தால் அலை எவ்வளவு என்றும் பார்க்க வேண்டும். ஒரு மணி நேரம் ஓடவிட்டுத் தொட்டுப் பாருங்கள். தொட்டு என்றால் ரெசிஸ்டரை அல்ல, அது தோசைக்கல்.

கேபினட்டில் சத்தம் அடக்கவும் தூசி வடிக்கவும் வைத்த பஞ்சு இந்நேரம் கருப்புப் பாகாகி உதிர்ந்துகொண்டிருக்கும். விசிறி அதை உள்ளே இழுத்து போர்டுகள் மேல் தூவும். அதைச் சுரண்டி எடுத்த பிறகுதான் மற்றது.

## வழி 1: போர்டை மாற்றுவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், அதில் தப்பும் இல்லை. டெக் நிறுவனத்தின் சர்வீஸ் ஆட்களே அப்படித்தான் வேலை செய்தார்கள். வாடிக்கையாளர் இடத்தில் போர்டை மாற்றி இயந்திரத்தை ஓடவிடுவார்கள். பழுதான போர்டு பணிமனைக்குப் போகும். ஒரு மணி நேரம் நின்றால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் என்ற காலத்தில் அது சரியான கணக்கு. ஆனால் அவர்களுக்குப் பின்னால் ஒரு கிடங்கு இருந்தது, கிடங்கில் சோதித்த போர்டுகள் இருந்தன. 1998-ல் டெக்கைக் காம்பேக் வாங்கியது, அதை 2002-ல் எச்பி வாங்கியது. இன்று கிடங்கு என்பது யாரோ ஒருவர் வீட்டு நிலவறை. "சோதிக்கவில்லை, உள்ளபடி விற்பனை" என்பதுதான் உத்தரவாதம்.

என் கதையைச் சொல்கிறேன். என் 11/34 குளிரில் நன்றாகக் கிளம்பும். எம்9312 என்ற பூட் போர்டு, பிராசசரின் பதிவேடுகளில் (ரெஜிஸ்டர்) இருக்கும் நான்கு எண்களை அடித்து '@' குறியைக் காட்டும். இருபது நிமிடம் கழித்து உளற ஆரம்பிக்கும். முன் பக்கத்து எண்பலகையில் ஏதாவது ஒரு முகவரியில் 000000 என்று எழுதித் திரும்பப் படித்தால் 000200 என்று வரும் (எண்கள் ஆக்டல் முறையில்). வேறு முகவரி, வேறு எண்: எப்போதும் அதே ஒரு பிட் கூடுதலாக ஏறியிருக்கும். எல்லா முகவரியிலும் வருகிறது என்றால் நினைவகம் அல்ல. எட்டாவது பிட் மட்டும் என்றால் பிராசசரின் தரவுப் பாதையில் ஓர் ஐசி போயிருக்க வேண்டும். அப்படித்தான் கணக்குப் போட்டேன். எம்8265, எம்8266 என்ற பிராசசர் ஜோடியை 380 டாலருக்கு ஒரு விற்பனையாளரிடம் வாங்கினேன். வந்தது, சொருகினேன், இருபது நிமிடம் காத்திருந்தேன். 000200.

பிராசசர் போகவே இல்லை. பழுது எங்கே இருந்தது என்பதை அடுத்த பகுதியில் சொல்கிறேன். இங்கே சொல்ல வேண்டியது: போர்டை மாற்றுவது பழுது பார்ப்பதுதான், பழுதைக் கண்டுபிடிப்பது அல்ல. எந்தப் போர்டு என்று உறுதியாகத் தெரிந்த பிறகு செய்தால் அது மிக வேகமான வழி. தெரியாமல் செய்தால் சீட்டாட்டம்.

மறைந்திருக்கும் செலவுகள் வேறு. 11/34-ன் பழைய ஜோடி எம்7265, எம்7266. 11/34ஏ-யின் ஜோடி எம்8265, எம்8266. ஒன்றிலிருந்து ஒன்று, மற்றதிலிருந்து ஒன்று என்று கலக்க முடியாது. சீரியல் போர்டான எம்7856-ல் முகவரியைச் சின்னச் சுவிட்சுகளால் வைக்க வேண்டும். கன்சோலுக்கு அது 777560. வாங்கிய போர்டில் முந்தைய முதலாளி என்ன வைத்திருந்தாரோ அதுதான் இருக்கும். நல்ல போர்டைப் பழுதென்று நினைத்து இரண்டு மாலை போன அனுபவம் எனக்கு உண்டு. ஸ்லாட்டிலும் கவனம் வேண்டும். சில ஸ்லாட்டுகளில் நினைவகத்துக்கான வேறு வோல்ட்டுகள் வரும். அங்கே பழைய மாதிரி டெர்மினேட்டரை, அதாவது பஸ்ஸின் முனையை மூடும் போர்டை, சொருகினால் புகைதான்.

இது எப்போது சரி? ஒரே மாதிரி இரண்டு மூன்று இயந்திரம் வைத்திருக்கும் அருங்காட்சியகத்துக்கு. ஓடுகிற இயந்திரம் வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு மாலைக்குக் கடன் வாங்க முடிந்தால். இன்னும் பிடிபி-11-ஐ நம்பி ஏதாவது ஆலை ஓடிக்கொண்டிருந்தால். மற்றவர்களுக்கு, பழுது எங்கே என்று தெரிந்த பிறகு.

## வழி 2: ஐசி அளவில் இறங்குவது

380 டாலர் போன எரிச்சலில் ஒரு சனிக்கிழமை மல்டிமீட்டரை மட்டும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். யூனிபஸ் கோடுகள் இரு முனையிலும் டெர்மினேட்டரில் முடிகின்றன: 5 வோல்ட்டுக்கு 180 ஓம், தரைக்கு 390 ஓம். கணக்குப் போட்டால், யாரும் பேசாதபோது ஒவ்வொரு கோடும் சுமார் 3.4 வோல்ட்டில் நிற்க வேண்டும். கிரான்ட் (பஸ்ஸைப் பயன்படுத்த பிராசசர் தரும் அனுமதி) போன்ற சில கோடுகள் வேறு ரகம், அவற்றை விட்டுவிடுங்கள். பேச விரும்புகிற போர்டு தன் கோட்டைக் கீழே இழுக்கும். கீழே என்றால் ஒன்று, மேலே என்றால் சைபர்.

இயந்திரத்தை நிறுத்தி வைத்த நிலையில் கோடு கோடாக அளந்தேன். 3.4, 3.4, 3.5, 3.4. சைபரிலிருந்து எண்ணுவதால் எட்டாவது பிட்டின் கோடு டி07. அதில் வந்தபோது 1.9. பத்து நிமிடம் சூடானதும் 1.2. யாரோ ஒருவர் அந்தக் கோட்டை எப்போதும் லேசாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கிறார். குளிரில் 1.9 என்பது எல்லைக்கு மேலே கால் வைத்த மாதிரி, சைபராகவே படிக்கப்படும். சூட்டில் எல்லையைத் தாண்டி விழுந்து ஒன்றாகிவிடும். 000200-ன் ரகசியம் அவ்வளவுதான்.

பிறகு பவரை அணைத்து ஒரு போர்டைக் கழற்றுவது, திரும்ப பவரைப் போட்டு டி07-ஐ அளப்பது. டிஸ்க் கன்ட்ரோலரைக் கழற்றினேன், 1.2. நினைவகத்தைக் கழற்றினேன், 1.2. சீரியல் போர்டைக் கழற்றியதும் 3.4. எழுத்துகளை டெர்மினலுக்கு அனுப்பும் வேலை மட்டும் செய்கிற, நான் ஒரு நொடியும் சந்தேகப்படாத போர்டு. வரைபடத்தில் டி07 எந்த ஐசிக்குப் போகிறது என்று பார்த்தால் ஒரு 8641: நான்கு கோடுகளைப் பேசவும் கேட்கவும் வைக்கும் 16 கால் ஐசி. விலை நாலைந்து டாலர். கண்டுபிடிக்க ஒரு மதியம், மாற்ற அரை மணி நேரம்.

டெக் இயந்திரங்களில் இந்த வேலை சாத்தியமாவதற்குக் காரணம் அவர்கள் வெளியிட்ட வரைபடங்கள். ஒவ்வொரு போர்டுக்கும் முழு சர்க்யூட், ஒவ்வொரு ஐசிக்கும் 'ஈ' என்று தொடங்கும் எண், எந்தக் கால் எந்தக் கோட்டுக்கு என்ற விவரம். இவை ஸ்கேன் செய்யப்பட்டு பிட்சேவர்ஸ் சேமிப்பகத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இன்றைய லேப்டாப்புக்கு அப்படி ஒரு தாளை எந்த நிறுவனம் தரும்?

எண்பலகை கன்சோல் உள்ள 11/34 என்றால் இன்னொரு வசதி. அந்தப் பலகைக்குள்ளேயே இன்டெல் 8008 ஒன்று உட்கார்ந்திருக்கிறது. மெயின்டனன்ஸ் கேபிள்களை பிராசசர் போர்டில் மாட்டினால், பிராசசரின் உள்நிரலான மைக்ரோகோடை ஒவ்வொரு அடியாக நகர்த்தி எந்த அடியில் வழி தவறுகிறது என்று பார்க்கலாம். பிராசசர் '@' வரை வந்துவிட்டால் இன்னும் எளிது. லேப்டாப்பை டியு58 டேப் டிரைவாக நடிக்கவைத்து, சீரியல் வழியாக டெக்கின் சோதனைத் தொகுப்பான எக்ஸ்எக்ஸ்டிபி-யை ஏற்றலாம். அதில் எஃப்கேஏஏ என்பது 11/34-ன் அடிப்படைக் கட்டளைகளைச் சோதிக்கும். எங்கே நின்றதோ அந்த முகவரியைப் பட்டியலில் தேடினால் எந்தக் கட்டளை தப்பு என்று தெரியும்.

மாற்றும்போது ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். பழைய ஐசியைக் காப்பாற்ற நினைக்காதீர்கள். கட்டரால் எல்லாக் கால்களையும் உடம்போடு ஒட்ட வெட்டி, உடம்பை எடுத்துவிட்டு, காலைக் காலாகச் சூடாக்கி உருவுங்கள். அப்புறம் ஓட்டையைச் சுத்தம் செய்து சாக்கெட் வையுங்கள். ஐசியை முழுதாகக் கழற்றப் போனால் ஓட்டையின் உள்பூச்சு சேர்ந்து வரும், அத்தோடு போர்டு போச்சு.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? 7400 வகை ஐசிகள் இன்னும் கிடைக்கின்றன. டிஎல்866 போன்ற மலிவான புரோகிராமரே அவற்றைச் சோதித்தும் சொல்லும். 8881, 8640, 8641 போன்ற பஸ் ஐசிகள்தான் கஷ்டம். பழைய இருப்பைத்தான் வாங்க வேண்டும். மேல் எழுத்தைத் தேய்த்து வேறு பெயர் அடித்த போலிகளும் வரும். அந்த இடத்தில் கைக்குக் கிடைத்த சாதாரண ஐசியை வைத்துச் சமாளிக்கவும் முடியாது, ஏனென்றால் பஸ்ஸை இழுக்கும் பலமும் கசிவு வரம்பும் வேறு. மைக்ரோகோடு இருக்கும் பிராம்கள் ஒரே முறை எழுதக்கூடியவை. அதில் ஒன்று போனால் வெற்று பிராமும் அதை எழுதத் தெரிந்த பழைய புரோகிராமரும் தேட வேண்டும். 4116 நினைவக ஐசிக்கு மூன்று வோல்ட் வேண்டும். அதில் −5 மட்டும் வராமல் மற்றது வந்தால் ஐசி செத்துப்போகும். எனவே நினைவகத்தில் ஒரே நேரத்தில் பல ஐசி போயிருந்தால் திரும்ப பவர் சப்ளைக்கே போங்கள்.

பணத்தில் இது மிக மலிவான வழி, நேரத்தில் மிகக் கூடியது. எனக்குப் பிடித்ததும் இதுவே. ஆனால் சால்டரிங் கை பழகாதவர் முதல் போர்டாக பிராசசரை எடுக்க வேண்டாம். பத்து டாலர் பழைய போர்டு ஒன்றை வாங்கி, அதில் இருபது ஐசியைக் கழற்றிப் பழகுங்கள்.

## வழி 3: பழைய பெட்டி, புது உறுப்பு

உடல் பழையதாகவே இருக்க, போன உறுப்புக்குப் பதில் இன்றைய பொருளை வைப்பது. சிலர் இதைப் பாவமாகப் பார்க்கிறார்கள். எனக்கு அந்த வைராக்கியம் இல்லை, கழற்றினால் பழையபடி ஆகிற வரைக்கும்.

இதில் நட்சத்திரம் யூனிபோன். பீகிள்போன் பிளாக் என்ற சிறு கணினியை முதுகில் சுமந்த ஒரு யூனிபஸ் போர்டு. நினைவகமாக நடிக்கும், ஆர்எல்02, ஆர்கே05 டிஸ்க்காக நடிக்கும், சீரியல் போர்டாகவும் நடிக்கும். 11/20 பிராசசராகக்கூட நடிக்கும். பழுது பார்ப்பவருக்கு இதன் அருமை அங்கேதான். சந்தேகப்படும் போர்டுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அதன் இடத்தில் இதை நடிக்கவைத்து, யார் குற்றவாளி என்று பார்க்கலாம். கடன் கொடுக்கும் நண்பர் இல்லாத ஊரில் இதுவே நண்பர். வேடிக்கை என்னவென்றால், பஸ்ஸோடு பேச இதற்கும் அதே 8641 ஐசிகள்தான் வேண்டும்.

டிஸ்க் விஷயத்தில் நான் சந்தேகமே இல்லாமல் இந்தக் கட்சி. ஆர்எல்02 டிரைவ் சுமார் 34 கிலோ, கொள்ளளவு 10 மெகாபைட். ஒரு தூசி போதும், ஹெட் தட்டில் உரசி இரண்டும் பாழாக. அந்த ஹெட்டை இன்று யாரும் செய்வதில்லை. மெக்கானிக்கல் பொருளோடு மல்லுக்கட்ட ஆசை இருந்தால் இயந்திரம் ஓடின பிறகு வைத்துக்கொள்ளலாம்.

பவர் சப்ளையைப் புதிதாக மாற்றுவது இவ்வளவு நேரடியானதல்ல. 5 வோல்ட் எஸ்எம்பிஎஸ் ஒன்றை வாங்கி மாட்டினால் முடிந்தது என்று நினைப்பார்கள்; இயந்திரம் ஊமையாக நிற்கும். பழைய சப்ளை வோல்ட் மட்டும் தரவில்லை. ஏசி-லோ, டிசி-லோ என்று இரண்டு சிக்னல்களும் அனுப்பியது. கிளம்பும்போது முதலில் டிசி-லோ விலக வேண்டும், பிறகு ஏசி-லோ. அந்த வரிசையைப் பார்த்துத்தான் பிராசசர் கண் விழிக்கும். மின்கம்பியின் 60 ஹெர்ட்ஸ் துடிப்பையும் அதே சப்ளைதான் நேரம் காட்டும் கடிகாரத்துக்குக் கொடுத்தது. இந்த மூன்றையும் செய்ய ஒரு சின்ன சர்க்யூட் நீங்களே கட்ட வேண்டும். அதைக் கட்டும் நேரத்தில் எச்744-ன் கெபாசிட்டர்களையே மாற்றிவிடலாம் என்பது என் அனுபவம். டிரான்ஸ்ஃபார்மரே எரிந்துபோயிருந்தால் மட்டும் புது சப்ளை.

## வழி 4: இரும்பை விட்டு மென்பொருளுக்கு

பழைய கணினியாக நடிக்கும் சிம்எச் என்ற இலவச எமுலேட்டர், டெக்கிலேயே பெரிய பொறுப்பில் இருந்த பாப் சுப்னிக் 1993-ல் தொடங்கியது. லேப்டாப்பில் நிறுவி அரை மணியில் ஆறாம் பதிப்பு யூனிக்ஸுக்குள் நுழைந்துவிடலாம். விளக்கும் சுவிட்சும் வேண்டும் என்றால் பைடிபி-11 என்ற கிட். 11/70-ன் முன்பக்கத்தைப் பத்துக்கு ஆறு அளவில் அச்சாகச் செய்து, பின்னால் ராஸ்பெரி பையில் சிம்எச் ஓடும். மின்சாரம் சில வாட். அலமாரியில் வைக்கலாம்.

கோயம்புத்தூர் மாணவருக்கு இதையே சொன்னேன். அமெரிக்காவிலிருந்து ஒரு 11/34-ஐக் கப்பலில் ஏற்றி, சுங்கம் கட்டி, 115 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரை 230-க்கு ஏற்பாடு செய்து, பிறகு பழுது பார்க்கத் தொடங்குவது படிப்பவர் செய்யும் காரியமல்ல. அசெம்ப்ளி மொழி படிக்க வேண்டும், பழைய யூனிக்ஸ் எப்படி எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும் என்றால் சிம்எச் எள்ளளவும் குறைவில்லை.

இரும்பு வைத்திருப்பவருக்கும் இது தேவை. சோதனை நிரல் சரியாக ஓடினால் திரையில் என்ன வரும் என்று முதலில் சிம்எச்சில் ஓட்டிப் பார்த்துக்கொண்டால், கராஜில் வருவது சரியா தப்பா என்று தெரியும். பழுது பார்ப்பதைக் கற்றுக்கொள்வதற்கு மட்டும் இது உதவாது: சிம்எச்சில் டி07 ஒருபோதும் கசியாது.

## ஒரே பார்வையில்

| | போர்டு மாற்று | ஐசி அளவு | புது உறுப்பு | எமுலேட்டர் |
|---|---|---|---|---|
| பணம் | போர்டுக்கு நூற்றுக்கணக்கான டாலர் | சில டாலர், கருவி தனி | நடுத்தரம் | சைபர் அல்லது கிட் விலை |
| நேரம் | போர்டு சரியாக வாய்த்தால் ஒரு மாலை | வாரங்கள் | சில மாலைகள் | அரை மணி |
| ஒளிந்திருக்கும் செலவு | சோதிக்காத போர்டு, சுவிட்ச் அமைப்பு, கலக்க முடியாத ஜோடி | போலி ஐசி, பிய்ந்த பட்டை, பிராம் | ஏசி-லோ, டிசி-லோ. 8641 தேடல் | இரும்பின் ஆசை தீராது |
| பின்வாங்கல் | எளிது, பவர் சரியாக இருந்தால் | கடினம் | எளிது | தேவையே இல்லை |
| குறைந்தபட்சக் கருவி | மீட்டர் | மீட்டர், ஸ்கோப், நல்ல சால்டரிங் | மீட்டர் | லேப்டாப் |

## யாருக்கு எது

ஸ்கோப் இருக்கிறது, பொறுமை இருக்கிறது, அவசரம் இல்லை என்றால் ஐசி அளவு. ஸ்கோப் இல்லை, ஆனால் இயந்திரம் ஓட வேண்டும் என்றால் யூனிபோனை வைத்துக் குற்றவாளியைக் கண்டுபிடித்து, அந்த ஒரு போர்டை மட்டும் வாங்குங்கள், அல்லது சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுங்கள். கோர் நினைவகத்தில் மணி கோத்த கம்பி அறுந்திருந்தால் ஐசி கட்சிக்காரனான நானும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மாற்று தேடுவேன். இடமும் இல்லை, ஆசையும் தணிந்துவிட்டது என்றால் அருங்காட்சியகத்துக்கோ இன்னொரு ஆர்வலருக்கோ கொடுங்கள். தங்கம் உருக்குபவரிடம் மட்டும் வேண்டாம்.

ஸ்கார்பரோ நண்பர் தொழிலில் எலக்ட்ரீசியன். மீட்டர் பிடிக்கத் தெரியும், ஸ்கோப் இல்லை. எதையும் வாங்காமல் முதலில் பவரையும் பிறகு பஸ்ஸையும் அளக்கச் சொன்னேன். 5 வோல்ட் 5.08. தரவு, முகவரிக் கோடுகள் எல்லாம் 3.4-ஐ ஒட்டியே. அப்படியானால் காலி ஸ்லாட்டுகளைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்றேன். ஆறாவது ஸ்லாட் வெறுமையாக இருந்தது.

யூனிபஸ்ஸில் காலி ஸ்லாட் என்பது காலியாக இருக்கக் கூடாது. கிரான்ட் சிக்னல் போர்டு போர்டாகக் கைமாறிப் போவது. நடுவில் ஆள் இல்லை என்றால் ஜி727 என்ற பிஸ்கட் அளவு அட்டை அதைக் கடத்திவிட வேண்டும். அது இல்லாவிட்டால் சங்கிலி அறுந்து, மறுமுனையில் இருக்கும் எம்9302 டெர்மினேட்டர் கிரான்ட் வந்துவிட்டதாக நினைத்துப் பதில் கொடுக்கும், பிராசசர் அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு காத்தே நிற்கும். விசிறி சுற்றும், விளக்கு எரியும், எழுத்து வராது. "ஓமோம் அண்ணை, ஒரு சின்ன அட்டை இருந்தது. அதிலை ஐசி ஒண்டும் இல்லை, சும்மா கிடக்குது எண்டு கழட்டி வச்சிட்டன்" என்றார்.

திரும்பச் சொருகியதும் நான்கு எண்களும் '@'-யும் வந்துவிட்டன. இப்போது லேப்டாப்பிலிருந்து நினைவகச் சோதனையை ஓட்டிக்கொண்டிருக்கிறார். நாற்பது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு தப்பு காட்டுகிறதாம். எந்த முகவரி, எந்தப் பிட் என்று பத்து முறை எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறேன். பத்திலும் ஒரே பிட் என்றால் ஒரு 4116. பிட் மாறிக்கொண்டே இருந்தால் −5 வோல்ட்டை மீண்டும் அளக்க வேண்டும்.